மொட்டைமாடியில் 40 மீட்டர் இன்வெர்ட்டட் வி

ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ உரிமம் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடுவது ரிக், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் ரேடியோப் பெட்டி. எந்த மாடல், எத்தனை வாட், புதிதா பழையதா என்று வாரக்கணக்கில் விசாரிப்பார்கள். ஆண்டெனாவுக்கு வரும்போது பணமும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். கிடைத்த கம்பியைக் கைப்பிடிச் சுவரோடு இழுத்துக் கட்டிவிட்டு, "இன்றைக்கு பேண்ட் சரியில்லை" என்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஹைதராபாதின் அஷ்ஹர் ஃபர்ஹான் (அழைப்புக்குறி வியூ2ஈஎஸ்ஈ) வடிவமைத்த, நாமே கோக்கும் பிட்எக்ஸ் வகை ரிக் கிட் ஒன்றும், ஒழுங்காக உயர்த்திய ஒரு டைபோலும், அதாவது நடுவில் கேபிள் இணைத்த இரண்டு கால் கம்பி ஆண்டெனாவும் இருந்தால், ஐந்து பத்து வாட்டிலேயே பகலில் தென்னிந்தியா முழுக்கப் பேசலாம். 5 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே இருப்பது வெறும் 13 டெசிபல். சுவரில் படுத்துக் கிடக்கும் கம்பி அதில் பெரும்பகுதியை அனுப்பும்போதே தின்றுவிடும். கேட்கும்போதோ வீட்டுக்குள் இருக்கும் இரைச்சலை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். அதற்கு எந்த ரிக்கிலும் மருந்து கிடையாது.

இந்தப் பதிவு 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது அந்த அலைநீளத்தை ஒட்டிய அதிர்வெண் பகுதிக்கு மட்டும். நடுவை உயர்த்தி இரண்டு கால்களையும் சாய்த்துக் கட்டும் டைபோல்தான் இன்வெர்ட்டட் வி. இந்தியாவில் நமக்கு 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. முதல் எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) ஆண்டெனாவுக்கு இதைவிடப் பொருத்தமான பேண்ட் கிடையாது. 80 மீட்டருக்கு 40 மீட்டர் நீளக் கம்பி வேண்டும், சாதாரண வீட்டில் இடம் இருக்காது. 20 மீட்டர் பேண்டுக்குக் கம்பி சிறியது, ஆனால் திருச்சியில் இருந்து மதுரையைக் கூப்பிட்டால் அலை தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும். 40 மீட்டரில் பகலில் பக்கத்து மாநிலம் கிடைக்கும், இரவில் கடல் கடந்தும் கிடைக்கும்.

உயரம் போதாதே என்ற கவலை பலருக்கு உண்டு. 40 மீட்டரில் அரை அலைநீளம் 21 மீட்டர். அந்த உயரத்தில் ஆண்டெனா கட்டினால்தான் அலை தாழ்வான கோணத்தில் கிளம்பித் தொலைதூரம் போகும். நம் வீடுகளில் கிடைப்பது 10 முதல் 13 மீட்டர், அதாவது கால் அலைநீளத்தை ஒட்டி. அந்த உயரத்தில் அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தின் எஃப்2 அடுக்கில் பட்டு, குடை விரித்தாற்போல் சுற்றிலும் ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டருக்கு இறங்கும். இதைத்தான் என்விஸ் என்கிறோம். நாம் இருப்பது காந்த நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதி. பகலில் இங்கே எஃப்2 அடுக்கு 7 மெகாஹெர்ட்ஸை மேலிருந்து திருப்பி அனுப்பும் அளவுக்குப் பெரும்பாலான நாட்களில் செறிவாகவே இருக்கும். நடுப்பகலில் மட்டும் அதற்குக் கீழே உள்ள டி அடுக்கு அலையைச் சற்று உறிஞ்சும். காலையும் பிற்பகலும் நன்றாக இருக்கும். இரவு முற்றி அந்தச் செறிவு குறைந்ததும் பக்கத்து நிலையங்கள் மறைந்து, தூரத்து நிலையங்கள் மட்டும் கேட்கத் தொடங்கும். பகலில் சத்தமாகக் கேட்ட பெங்களூரு நிலையம் இரவு பத்து மணிக்குக் காணாமல் போனால் உங்கள் ஆண்டெனாவைச் சந்தேகிக்க வேண்டாம்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத், வியூ2ஆர்பிஐ, தலைமையிலான குழு வியூ4ஆர்பிஐ என்ற அழைப்புக்குறியோடு போர்ட் பிளேரில் இருந்தது. தீவுகளில் தொலைபேசி அறுந்துபோன நிலையில் அந்தக் குழுவின் எச்எஃப் நிலையம் நாட்டோடு பேசியது. நடுவில் கோபுரமோ, வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரோ தேவைப்படாத இணைப்பு அது. இரண்டு துண்டுக் கம்பியை ஒரு மணி நேரத்தில் உயர்த்திக் கட்டத் தெரிந்திருப்பது ஒவ்வொரு ஹாமுக்கும் அடிப்படைத் திறமை என்று நான் நினைப்பது இதனால்தான்.

கணக்கு

மெகாஹெர்ட்ஸால் 142.5ஐ வகுத்தால் டைபோலின் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு 20.07 மீட்டர், ஒரு காலுக்கு 10.03. அடிக்கணக்கில் வேண்டுமானால் 468ஐ வகுக்க வேண்டும். ஆனால் இது வெறும் செம்புக் கம்பிக்கான கணக்கு. நாம் வாங்குவது பிவிசி உறை போட்ட வீட்டு ஒயரிங் கம்பி. உறை காரணமாக நீளம் இரண்டு மூன்று சதவீதம் குறையும். கால்களைச் சாய்ப்பதும், கீழே கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி ஓடுவதும் தங்கள் பங்குக்கு அதை மாற்றும். கடைசியில் ஒரு கால் 9.7 முதல் 10 மீட்டருக்குள் எங்காவது வந்து நிற்கும். எங்கே என்று கணக்கு சொல்லாது, அளவுக்கருவிதான் சொல்லும். அதனால் ஒவ்வொரு காலையும் 10.40 மீட்டருக்கு வெட்டுங்கள். மைய இன்சுலேட்டரின் ஸ்க்ரூவில் இருந்து கடைசி மடிப்பு வரை உள்ள அளவு அது. முடிச்சுக்கும் சுற்றுக்கும் தனியாக இருபது சென்டிமீட்டர் விடுங்கள். வெட்டிய கம்பி வளராது.

இடம்தான் உண்மையான சிக்கல். 30க்கு 40 அடி மொட்டைமாடியை எடுத்துக்கொள்வோம். நடுவில் 6 மீட்டர் குழாய், மூலைகளில் 2.5 மீட்டர் உயரக் குழாய். நடுவில் இருந்து மூலைக்கு 7.6 மீட்டர், இறக்கம் 3.5 மீட்டர், ஆகவே சாய்வாகப் போகும் கம்பி சுமார் 8.4 மீட்டர். கால் நீளம் 9.8 என்றால் ஒன்றரை மீட்டர் மிச்சம். இந்த மிச்சத்தைச் சுருட்டி முடிந்துவிடாதீர்கள். மூலைக் குழாயைத் தாண்டி, கைப்பிடிச் சுவருக்கு இணையாக, அதே உயரத்தில் இன்னொரு குழாய்க்கு இழுத்துக் கட்டுங்கள். டைபோலில் மின்னோட்டம் நடுவில் அதிகம், நுனியில் ஏறக்குறைய பூஜ்யம். கதிர்வீச்சைச் செய்வது மின்னோட்டம். ஆகவே கடைசி ஒன்றரை மீட்டர் எந்தத் திசையில் வளைந்தாலும் பெரிய நட்டம் இல்லை. வளைந்த நுனி குழாயையோ சுவரையோ உரசாமல் இருந்தால் போதும்.

உச்சியில் இரண்டு கால்களுக்கும் இடையே கோணம் 90 டிகிரிக்குக் குறையக்கூடாது. 120க்கு மேல் இருந்தால் நல்லது. கோணம் சுருங்கச் சுருங்க இரண்டு கால்களின் கதிர்வீச்சும் ஒன்றை ஒன்று தின்னும், மின்தடையும் 50 ஓமுக்குக் கீழே போகும். மேலே சொன்ன அளவில் சாய்வு குறைவாகவே இருப்பதால் அந்தப் பயம் இல்லை. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு காலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டியதும் இல்லை. படிக்கட்டு அறையின் கூரை பெரும்பாலும் வீட்டின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அங்கே குழாயை நட்டால் சும்மா இரண்டரை மீட்டர் உயரம் கிடைக்கும். அதற்காகக் கால்களை எல் வடிவில் பிரிக்க வேண்டி வந்தாலும் பிரியுங்கள்.

நுனி 2.5 மீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம். மின்னோட்டம் குறைந்த இடத்தில் மின்னழுத்தம் அதிகம். 50 வாட்டில் பேசும்போதே நுனியில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறும். வடகம் காயவைக்க மாடிக்கு வருபவர் அந்தக் கம்பியைத் தொட்டால் விரல் பொசுங்கும்.

கட்டும் பொருள்

1.5 ஸ்கொயர் எம்எம் பல இழைச் செம்புக் கம்பி. எலக்ட்ரிக்கல் கடையில் 90 மீட்டர் சுருளாக வரும், மீட்டர் கணக்கிலும் வெட்டித் தருவார்கள். அலுமினியம் வேண்டாம், ஸோல்டர் பிடிக்காது. 1 ஸ்கொயர் எம்எம் போதும் என்பவர்கள் உண்டு; ஒரு காற்றுக்காலம் தாங்கும், அதற்குள் இழுபட்டு நீண்டு அதிர்வெண் இறங்கிவிடும்.

மைய இன்சுலேட்டருக்கு நான் பரிந்துரைப்பது காய்கறி நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை. பாத்திரக் கடையில் கிடைக்கும், ரம்பத்தால் அறுக்கலாம், தண்ணீர் குடிக்காது. பத்துக்கு எட்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, இருபுறமும் மூன்று மூன்று துளை போட்டுக் கம்பியை அதற்குள் பாய் பின்னுவதுபோல் மேலும் கீழுமாக நுழைத்து எடுங்கள். இழுவை முழுவதும் அந்தப் பின்னலில் தங்கும். ஸோல்டர் வைத்த முனைக்கு ஒரு கிராம் இழுவைகூடப் போகக்கூடாது. இழுவை விழும் ஸோல்டர் காற்றில் ஆடி ஆடி ஆறே மாதத்தில் இழை இழையாக அறும். ஸ்க்ரூ, நட்டு, வாஷர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் மற்ற எதுவும் இரண்டு மழைக்காலம் தாண்டாது. நுனி இன்சுலேட்டருக்குப் பீங்கான் முட்டை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் பத்து சென்டிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டே போதும்.

குழாய் ஒன்றரை அங்குல ஜிஐ. ஒரு நீளம் 6 மீட்டராகவே வரும். தண்ணீர்த் தொட்டித் தூணோடு இரண்டு கிளாம்ப் போட்டு, கிளாம்புகளுக்கு நடுவே குறைந்தது 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். தூண் இல்லையென்றால் கூரையில் துளை போடப் போகாதீர்கள், அடுத்த மழையில் கீழ்வீட்டுச் சுவர் ஊறும். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் கான்கிரீட் நிரப்பி, நடுவில் சற்றுப் பெரிய குழாய்த் துண்டைப் புதையுங்கள். 45 கிலோவுக்கு மேல் கனக்கும் அடித்தளம் கிடைக்கும். ஆண்டெனாவின் இரண்டு கால்களும் இரண்டு பக்கம் இழுக்கும். குறுக்குவாட்டில் இழுக்க இரண்டு கயிறு நீங்கள் கட்ட வேண்டும். கயிறு கறுப்பு பாலியஸ்டராக இருந்தால் வெயில் தாங்கும். பச்சை, நீல பிளாஸ்டிக் கயிறு நம் வெயிலில் ஓராண்டில் தூளாக உதிரும்.

குழாயின் உச்சியில் சிறு கப்பி ஒன்று மாட்டி, அதன் வழியே கயிற்றால் மைய இன்சுலேட்டரை ஏற்றுங்கள். நீளம் சரிபார்க்க ஐந்தாறு முறை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். கப்பி இல்லாதவர்கள் இரண்டாவது முறையே சலித்துப்போய், "இந்த அளவு போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு நுனியைத் தென்னை மரத்தில் கட்டுவதாக இருந்தால் அங்கும் ஒரு கப்பி போட்டு, மணல் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைக் கயிற்றின் மறுமுனையில் தொங்க விடுங்கள். மரம் ஆடும்போது பாட்டில் ஏறி இறங்கும், கம்பி அறாது.

ஈபி லைன் பக்கத்தில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். குழாய் முழு நீளத்துக்கும் சாய்ந்து விழுந்தாலும், கம்பி அறுந்து காற்றில் வீசினாலும், லைனை எட்டக்கூடாது. லைனுக்கு மேலாகவோ கீழாகவோ ஆண்டெனாக் கம்பி போகவே கூடாது. இதில் விதிவிலக்கு ஒன்றும் கிடையாது.

பேலனும் கேபிளும்

டைபோலுக்கு இரண்டு பக்கமும் சமம். உள்கம்பியும் அதைச் சுற்றிய பின்னலும் கொண்ட கோஆக்ஸ் கேபிளுக்கு அப்படி இல்லை. நேராக இணைத்தால் கேபிளின் வெளிப்பின்னலின் மேற்பரப்பு மூன்றாவது கால்போல மின்னோட்டத்தைச் சுமக்கும். பேசும்போது மைக் உதட்டைச் சுடுவது, கம்ப்யூட்டர் மவுஸ் நின்றுபோவது, கேபிளைக் கையால் பிடித்தால் எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனாவில் இருந்து ஆற்றல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண், 1 சிறந்தது) மாறுவது எல்லாம் இதன் அடையாளம். கேட்கும்போது வீட்டு இரைச்சல் அதே பின்னல் வழியாக மேலேறி ஆண்டெனாவுக்குள் புகும். கேபிளுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே வைக்கும் ஒன்றுக்கு ஒன்று கரண்ட் பேலன் இதைத் தடுக்கும்.

எஃப்டி240-43 ஃபெரைட் வளையம் ஒன்றில் ஆர்ஜி-58 கேபிளைப் பதினொரு சுற்று சுற்றினால் பேலன் தயார். ஒன்றே கால் மீட்டர் கேபிள் போதும். சுற்றும்போது இறுக்கி நெளிக்காதீர்கள். உள்கம்பி ஓரத்துக்கு நகர்ந்து பின்னலைத் தொடும். வளையம் வாங்கும்போதுதான் ஏமாற்றம் நடக்கிறது. சிவப்பு பூசிய டி200-2 போன்ற இரும்புத்தூள் வளையத்தையும் "டொராய்ட்" என்றே விற்பார்கள். அது இந்த வேலைக்கு உதவாது. இண்டக்டன்ஸ் அளக்கும் சாதாரண எல்சிஆர் மீட்டரிலேயே கண்டுபிடிக்கலாம். பத்து சுற்று சுற்றி அளந்தால் 43 ஃபெரைட் 100 மைக்ரோஹென்றியை ஒட்டிக் காட்டும், டி200-2 ஒன்று சொச்சம் மட்டும் காட்டும். நூறு மடங்கு வித்தியாசம் என்பதால் குழப்பமே வராது. ஃபெரைட் கிடைக்கவே இல்லையென்றால் கேபிளையே இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் விட்டத்தில் ஆறேழு சுற்றாகச் சுருட்டி ஆண்டெனாவுக்கு அடியில் கட்டுங்கள். ஃபெரைட் அளவுக்கு இல்லை, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு மேல். கடையில் நாலுக்கு ஒன்று பேலனை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது வேறு வகை ஆண்டெனாவுக்கு.

கேபிளில் 40 மீட்டருக்கு மட்டும் என்றால் ஆர்ஜி-58 போதும். 25 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 1 டெசிபல் போகும், 50 வாட்டில் 40 வாட் மேலே சேரும். ஆர்ஜி-213 போட்டால் இழப்பு பாதிக்கும் கீழே. ஆனால் அதன் கனம் முழுவதும் உச்சியில் தொங்கும். அதே ஆர்ஜி-58ஐ 145 மெகாஹெர்ட்ஸுக்கும் பயன்படுத்தலாம் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே 25 மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு சூடாகப் போய்விடும். டிஷ் டிவி கேபிளான ஆர்ஜி-6 வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று கேட்பவர்கள் நிறைய. 75 ஓம் என்பது பெரிய குறை இல்லை, இழப்பும் ஆர்ஜி-58ஐவிடக் குறைவு. ஆனால் அதன் பின்னல் அலுமினியம். ஸோல்டர் ஆகாது, எஃப் கனெக்டரில் நசுக்கித்தான் மாட்ட வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தோற்பது கேபிளின் முனையில் மாட்டும் பிஎல்-259 கனெக்டரில். 25 வாட் ஸோல்டரிங் அயர்ன் அந்தப் பித்தளை உடலைச் சூடாக்கவே முடியாது. நீண்ட நேரம் வைத்துக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் உருகும், ஸோல்டர் மட்டும் பிடிக்காது. 60 முதல் 100 வாட் அயர்ன், கனத்த முனை, உடலைக் கொஞ்சம் அரத்தால் தேய்த்துப் ஃபிளக்ஸ் தடவிச் சட்டென்று முடிப்பது, இதுதான் வழி. ஆர்ஜி-58க்குத் தனியாகக் குறுக்கும் துண்டு வேண்டும், யுஜி-175 என்று கேட்டு வாங்குங்கள். வெளி வளையத்தையும் குறுக்கும் துண்டையும் ஸோல்டர் வைக்கும் முன்பே கேபிளில் கோத்துவிடுங்கள். முடித்ததும் மல்டிமீட்டரில் உள்கம்பிக்கும் பின்னலுக்கும் தொடர்பு இல்லை, முனைக்கு முனை தொடர்பு இருக்கிறது என்று இரண்டையும் பாருங்கள்.

உச்சியில் இருக்கும் இணைப்புக்குள் தண்ணீர் போனால் பின்னல் திரிபோல் அதை உறிஞ்சி மீட்டர் கணக்கில் கீழே இறக்கும். அந்தக் கேபிளைத் தூக்கிப் போட வேண்டியதுதான். முதலில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துச் சுற்றுங்கள். அதன் மேல் பிவிசி டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால் ஓடு வேய்ந்ததுபோல் மடிப்பு கீழ்நோக்கி நிற்கும். பேலன் பெட்டிக்கு அடியில் மட்டும் சிறு துளை, உள்ளே வியர்க்கும் நீர் வடிய. சிலிக்கான் பூசுவதாக இருந்தால் வினிகர் வாசம் வரும் ரகத்தைத் தொடாதீர்கள், அது செம்பைப் பச்சையாக்கும். கேபிள் ஜன்னலுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

அளப்பது

ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவியான நானோவிஎன்ஏ ஒன்று இருந்தால் போதும். ஆண்டெனாவில் மாட்டும் முன் ஓபன், ஷார்ட், லோட் என்ற மூன்று சோதனை முனைகளையும் வைத்துக் காலிபரேட் செய்யுங்கள், 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். காலிபரேட் செய்யாமல் எடுத்த அளவைப் பார்த்துக் கம்பி வெட்டுவது குருட்டு வேலை.

10.40 மீட்டர் காலில் எஸ்டபிள்யூஆர் பள்ளம், அதாவது அது மிகக் குறையும் இடம், 6.72 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10.40ஐ 6.72ஆல் பெருக்கி 7.10ஆல் வகுத்தால் 9.84. ஆக, ஒவ்வொரு காலிலும் 56 சென்டிமீட்டர் குறைய வேண்டும். ஒரே அடியில் வெட்டாதீர்கள். 45 சென்டிமீட்டரை மட்டும் பின்னால் மடித்து, அதே கம்பியோடு இறுக்கிச் சுற்றி, ஏற்றி அளவெடுங்கள். இறுக்கிச் சுற்றிய மடிப்பு வெட்டியதற்குச் சமம். தளர்வாகத் தொங்கினால் அது தனி நீளமாகக் கணக்கில் சேரும். இதன்பிறகு ஒரு காலுக்கு 1 சென்டிமீட்டர் என்றால் 7 கிலோஹெர்ட்ஸ் என்று மனதில் வைத்துக்கொண்டு மெல்ல நகருங்கள். இரண்டு காலிலும் ஒரே அளவு குறைய வேண்டும். அளக்கும்போது கம்பி தன் இறுதி உயரத்தில், இறுதி நிலையில் இருக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் சரிசெய்ததை மேலே ஏற்றினால் எல்லாம் மாறிவிடும்.

7.1இல் 1.5க்குக் கீழே, 7.0இலும் 7.2இலும் 2க்குள் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். 1.5இல் திரும்பி வரும் ஆற்றல் 4 சதவீதம், 2இல் 11. 1.3ஐ 1.1 ஆக்குவதற்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். மறுமுனையில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

பள்ளம் சரியான இடத்தில் விழுந்தும் 1.8க்குக் கீழே இறங்க மறுத்தால் நீளத்தைத் தொடாதீர்கள், தவறு மின்தடையில். கருவியில் ஓம் எண்ணைப் பாருங்கள். 30ஐ ஒட்டி இருந்தால் கோணத்தை விரியுங்கள், நுனிகளை உயர்த்துங்கள். பள்ளமே இல்லையென்றால் கனெக்டரில் ஷார்ட் அல்லது உச்சியில் அறுந்த இணைப்பு. இரண்டு பள்ளம் விழுந்தால் பக்கத்தில் இன்னொரு உலோகம் அதிர்கிறது. மொட்டைமாடியில் அது பெரும்பாலும் துணி காயப்போடும் கொடிக் கம்பி! ஆண்டெனாவுக்கு அடியில் இணையாகப் போகும் இரும்புக் கொடியை எடுத்துவிட்டு நைலான் கயிறு கட்டிக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமான ஏமாற்று, எல்லா அதிர்வெண்ணிலும் 1.2 காட்டும் ஆண்டெனா. பார்த்ததும் மகிழ்ச்சியாக இருக்கும். நல்ல 40 மீட்டர் டைபோல் 6.5இலும் 8இலும் மோசமாகத்தான் இருக்க வேண்டும். எங்கும் நன்றாக இருந்தால் கேபிள் தண்ணீர் குடித்திருக்கிறது; போன ஆற்றலும் திரும்பும் ஆற்றலும் வழியிலேயே சூடாகிவிடுகின்றன. மேல்முனையைக் கழற்றித் திறந்துவைத்து, கீழிருந்து ரிட்டர்ன் லாஸ், அதாவது போய்த் திரும்புவதில் ஆகும் இழப்பு, அளந்து, அதைப் பாதியாக்குங்கள். அதுதான் ஒருவழி இழப்பு. 7 மெகாஹெர்ட்ஸில் 2 டெசிபல் காட்டினால் ஒருவழி 1 டெசிபல், கேபிள் ஆரோக்கியம். 8 காட்டினால் புதுக் கேபிள் வாங்குங்கள். ரிக்கில் இருக்கும் டியூனர் (மின்தடையைப் பொருத்திக் காட்டும் சுற்று) இந்த நோயைத் தீர்க்காது. அது ரிக்கின் கண்ணை மட்டும் மறைக்கும், கேபிளில் போவது போய்க்கொண்டேதான் இருக்கும்.

இதே ஆண்டெனா 21 மெகாஹெர்ட்ஸிலும் வேலை செய்யும் என்று சொல்வார்கள். மூன்று அரை அலை என்ற கணக்கு சரிதான். ஆனால் நுனி விளைவு (நுனியில் கம்பி சற்று நீளமாகத் தெரிவது) இரண்டு முனையில் மட்டும் இருப்பதால் அதிர்வு மூன்று மடங்குக்கு மேலேறி, 21.45க்கு அப்பால் போய் விழும். டியூனரோடு பயன்படுத்தலாம்.

இரைச்சல்

ஆண்டெனா ஏறியதும் ரிக்கில் சிக்னல் அளவைக் காட்டும் எஸ் மீட்டர் நிலையாக 7இலோ 9இலோ நின்றால் முதலில் வீட்டைச் சோதியுங்கள். ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். யூபிஎஸ் இன்வெர்ட்டரையும் அதன் சொந்த சுவிட்சில் அணையுங்கள். இதை மறந்துவிட்டு "வீட்டில் தவறில்லை" என்று முடிவு செய்பவர்கள் அதிகம். இரைச்சல் விழுந்தால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, எதில் திரும்புகிறது என்று பாருங்கள். எல்இடி பல்பின் டிரைவர், மொபைல் சார்ஜர், சிசிடிவி கேமராவின் அடாப்டர், செட்டாப் பாக்ஸ், சோலார் இன்வெர்ட்டர் என்று பட்டியல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அடாப்டரை மாற்றுவது மலிவு. மாற்ற முடியாததற்கு அதன் கம்பியை 31 வகை ஃபெரைட்டில் ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். ஒரே ஒரு முறை நுழைத்து மாட்டும் கிளிப் 7 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக எதுவும் செய்யாது.

மெயினை இறக்கியும் குறையாமல், படபடவென்று பொரிவதுபோல் கேட்டு, நல்ல மழை பெய்ததும் அடங்கினால் அது ஈபி கம்பத்தில் தளர்ந்த இணைப்பு. சின்ன ஏஎம் ரேடியோவைக் கையில் பிடித்துத் தெருவில் நடந்தால் எந்தக் கம்பம் என்று தெரியும். கம்பத்தின் எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள். கம்பத்தைத் தொடவோ ஆட்டிப் பார்க்கவோ கூடாது.

வேலை முடிந்ததும் ஆண்டெனாவைச் சோதிக்க 7.074இல் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், 5 வாட் போதும். கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது. யார் யார் உங்களைக் கேட்டார்கள் என்பது பிஎஸ்கே ரிப்போர்ட்டர் இணையதள வரைபடத்தில் சில நிமிடங்களில் வந்துவிடும். ஒருமுறை காலையில், ஒருமுறை இரவு ஒன்பதுக்குமேல் ஓட்டுங்கள். காலையில் புள்ளிகள் தென்னிந்தியாவைச் சுற்றி நெருங்கி விழுந்து, இரவில் விலகித் தூரம் போனால் ஆண்டெனா தன் வேலையைச் செய்கிறது. அதன்பிறகு எல்எஸ்பி என்ற பேச்சு முறைக்கு மாற்றி மைக்கை எடுங்கள். கூப்பிடும் முன் அரை நிமிடம் கேளுங்கள், "இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்ற பொது அழைப்பான சிக்யூ சொல்லுங்கள்.

இடிக்காலம் நமக்கு ஏப்ரல் மே ஒருமுறை, அக்டோபர் நவம்பர் ஒருமுறை. பேசி முடித்ததும் கோஆக்ஸைக் கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே போடுவதைப் பழக்கமாக்குங்கள். ரிக்கை அணைப்பது போதாது. இடி தூரத்தில் விழுந்தாலே கம்பியில் ஏறும் மின்னூட்டம் ரிக்கின் முன்பகுதி டிரான்சிஸ்டரைக் கொல்லப் போதும். சுவருக்கு வெளியே கேஸ் டிஸ்சார்ஜ் அரெஸ்டர் ஒன்று, அதிலிருந்து வளைவில்லாமல் நேராக இறங்கும் தடித்த செம்புக் கம்பி, கீழே தனி எர்த் ராடு, அதை வீட்டு எர்த்தோடு இணைக்கும் கம்பி என்று கட்டினால் மின்னூட்டம் வடியும். நேரடி இடிக்கு எதுவும் நிற்காது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பரில் ஒரு நாள், ஆண்டெனாவை முழுவதுமாக இறக்குங்கள். டேப்பைப் பிரித்துப் பின்னல் செம்பு நிறத்தில் இருக்கிறதா கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். கறுத்திருந்தால் பளிச்சென்று செம்பு தெரியும்வரை வெட்டி மறுபடி ஸோல்டர் வையுங்கள். கயிறு கப்பியில் உரசும் இடத்தைத் தடவிப் பாருங்கள், பிசிறு தட்டுப்பட்டால் அந்தக் கயிறு மழையைத் தாண்டாது. ஏற்றியதும் எஸ்டபிள்யூஆர் பள்ளம் எந்த அதிர்வெண்ணில் விழுகிறது என்று அளந்து, தேதியோடு லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். போன ஆண்டு 7.10இல் இருந்தது இந்த ஆண்டு 7.06க்கு இறங்கியிருந்தால் கம்பி இழுபட்டிருக்கிறது. ஒரு காலுக்கு ஆறு சென்டிமீட்டர் மடித்துச் சுற்றுங்கள்.